வயலில் அறுந்த நேரலை

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே துணிமணி குறைவு. ஒலிவாங்கிகள், சுருட்டிய கம்பிகள், இரண்டு ஹெட்போன்கள், நடுவில் செங்கல் பருமனுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதன் தலையில் நான்கு குட்டை ஆண்டெனாக்கள். அதிகாரி அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க மேடம்?"

"ரேடியோ நிகழ்ச்சியை இங்கேருந்து மலேசியாவுக்கு அனுப்புற பெட்டி சார்." அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.

கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். "இதுல பாட்டு கேக்குமா?"

"கேக்காது சார். நாம பேசுறது மட்டும்தான் போகும்."

"அப்ப நமக்கு உபயோகமில்ல" என்று சிரித்தபடி மூடிக் கொடுத்தார்.

நான் மலேசியாவின் கிள்ளான்காரி. அங்கே ஒரு தமிழ் வானொலியில் இருபது வருடத்துக்கு மேலாக ஒலிப் பொறியாளர் வேலை. என்னுடன் வந்த குணா எங்கள் மதிய நிகழ்ச்சியின் அறிவிப்பாளன். வயது முப்பத்து மூன்று. விடாமல் பேசுவான். வானொலியில் அது வரம். நான்கு மணி நேர விமானப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் அப்படிச் சொல்ல முடியாது.

எங்களை இங்கே வரவழைத்தது ஒரு குரல் பதிவு. எங்கள் பக்கத்து ஊரான ஷா ஆலமில் கிடங்கு லாரி ஓட்டும் முருகையன் என்ற நேயர் அனுப்பியிருந்தார். "தினம் மத்தியானம் உங்க நிகழ்ச்சியக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டுறேன். எங்க ஊரு வலங்கைமான் பக்கம். தையில அறுப்பு. அங்கேருந்து ஒரு நாள் பேசுங்களேன். வயல்ல மெஷின் ஓடுற சத்தத்த நான் இங்கேருந்து கேக்கணும்." தயாரிப்பாளர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

குணா உடனே சரியென்றான். அதற்கு அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு கோயில் திருவிழாவை நேரலையில் ஒலிபரப்பியபோது இணைப்பு அறுந்தது. எனக்குத் தெரியவே நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் குணா கூட்டத்தின் நடுவே நின்று, யாருக்கும் கேட்காமல், உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். 'காற்றோடு பேசுபவன்' என்று கொஞ்ச நாள் கேலி ஓடியது. தவறு என்னுடையது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும், "லைன் நல்லா இருக்குல்லக்கா?" என்று இரண்டு முறை கேட்கத் தொடங்கினான்.

முதல் நாள் தஞ்சாவூர் வந்து சேர்வதிலேயே போயிற்று. வல்லம் தாண்டியதும் காரின் டயர் இறங்கியது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஓட்டுநர் கொஞ்சமும் பதறவில்லை. "டீ குடிங்க சார், வந்துடறேன்" என்று டயரை உருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் இப்படி நின்றால் இழுவை வண்டி வரும் வரை காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்போம். இங்கே டீக்கடைக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அங்கே மழை எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள் டயர் தயாராகிவிட்டது.

மறுநாள் காலை அதே ஓட்டுநர் வரவில்லை. மச்சினி வளைகாப்பாம், போனில் சொன்னார். பேருந்தில் போவதென்று முடிவு செய்தோம். கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம். பாபநாசம் வரை இருபுறமும் பழுத்த நெல். எங்கள் நாட்டுச் செகிஞ்சான் வயல்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். இங்கே ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு வடிவம். வாய்க்கால் வளைந்த பக்கமெல்லாம் வயலும் வளைகிறது. ஒரு வயல் பழுப்பு, அடுத்தது இன்னும் பச்சை, அதற்கடுத்தது அறுத்து முடித்து வைக்கோல் கட்டுகளோடு. தாராசுரத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று இருபது நிமிடம் தாமதம்.

கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கொடுத்தார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காய் அரைத்து விட்ட, வெள்ளையான ஒரு குழம்பு. முதல் வாயில் சோம்பு வாசனை ஏறியது. குணா அன்று காலை முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினான். ஆறாவது இட்லிக்குப் பிறகு, "இதுக்காகவே நிகழ்ச்சியை ரெண்டு மணி நேரம் ஆக்கலாம்" என்றான்.

வலங்கைமானில் இறங்கியபோது முருகையனின் மனைவி தமிழ்ச்செல்வி நிறுத்தத்தில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். அழுத்தி வாரிய தலை, ஆண் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். குணா ஆட்டோவில் வந்தான்.

"மூணு மா அக்கா. மூணு மான்னா ஒரு ஏக்கர். குத்தகைதான். அவர் அங்க போயி ஏழு வருஷமாச்சு, நான்தான் பாக்குறேன்" என்று காற்றில் கத்திச் சொன்னார். "எங்க மாமனார் காலத்துல இதே வயல்ல கூலிக்கு நின்னவங்கதான் நாங்க. இப்ப சாகுபடி எங்களுது."

வயல் ஊரின் கடைசித் தெருவை ஒட்டி இருந்தது. கதிர் கனத்துத் தலை தொங்கியிருந்தது. முந்தைய வாரம் பெய்த மழையில் வடகிழக்கு மூலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை அவர் காட்டவில்லை, நானே பார்த்தேன்.

தயாரிப்பாளர் காலை ஏழு மணி நேரலை கேட்டிருந்தார். செல்வி போனிலேயே அதை மறுத்துவிட்டார். பனி காயாமல் அறுவடை இயந்திரம் வயலில் இறங்காதாம். ஈரக் கதிர் உள்ளே சிக்கிக்கொள்ளுமாம். எனவே இந்திய நேரம் பத்து மணி, எங்களுக்கு மதியம் பன்னிரண்டரை. ஒரு மணி நேர நிகழ்ச்சி. பன்னிரண்டு மணிக்கு அந்த இயந்திரம் இன்னொருவர் வயலில் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அதற்கு முன்பதிவு செய்வது கல்யாண மண்டபம் பிடிப்பதுபோல என்றார் செல்வி.

வரப்பில் பெட்டியை வைத்துச் சோதித்தேன். அது மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் வழியாக ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பும். கிள்ளானில் ஒரு கணினி அவற்றைச் சேர்த்து மீண்டும் குரலாக்கும். ஒன்று சோர்ந்தால் மற்ற இரண்டும் தாங்கும். அன்று பிற்பகல் மூன்றும் நன்றாக இருந்தன. நிலையத்தில் இருந்த பெண், "பக்கத்து அறையில இருக்கிற மாதிரி கேக்குதுக்கா" என்றாள்.

ஆண்டெனாவைப் பார்த்துவிட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். ஊரின் கேபிள் டிவி நடத்தும் சேகர். நாற்பத்தைந்து வயது, அமைதியான ஆள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஆபீஸ்ல பைபர் இன்டர்நெட் இருக்கு மேடம். தெரு முனைதான். வேணும்னா ஒரு ஒயர் இழுத்துத் தர்றேன்."

"மூணு சிம் இருக்குண்ணே, போதும்" என்றான் குணா. நானும் தலையாட்டினேன். தெற்கே தென்னைகளுக்கு மேலே தெரிந்த ஒற்றைச் செல்போன் கோபுரத்தை நான் பார்த்தேன். மூன்று நிறுவனங்களும் அதே கோபுரத்தில்தான் தொங்குகின்றன என்பதை யோசிக்கவில்லை. இருபது வருட அனுபவம் சில நேரம் இப்படித்தான் வேலை செய்கிறது.

எங்கள் தொழிலில் பழுது வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்டி. அது போனால் சாதாரணக் கைப்பேசி; குரல் தகரத்தில் தட்டினாற்போல இருக்கும், ஆனாலும் குரல். அதுவும் போனால் நிலையத்தில் இருப்பவர் பொறுப்பு. முன்பே பதிவு செய்து வைத்த பேச்சு, பிறகு பாட்டு. எதுவும் நடக்காமல் பதினைந்து விநாடி அமைதி விழுந்தால் இயந்திரமே பாட்டைத் தொடங்கிவிடும். நேயருக்கு மௌனம் மட்டும் கேட்கக் கூடாது. இந்த வரிசை முழுவதும் கேட்பவரைப் பற்றியது. பேசும் இடத்தில் இருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு வயலுக்கு வந்தோம். கிழக்கே வெளுத்த மேகம். ஆத்தூரிலிருந்து வந்திருந்த டிரைவர், சங்கிலிப் பட்டை வைத்த அறுவடை இயந்திரத்தை வரப்போரம் நிறுத்திவிட்டுக் கதிரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் அரை மணி ஆகட்டும். பனி இருக்கு." நெல்லை ஏற்றிப் போக டிராக்டர் ஒன்று நின்றது. இயந்திரம் எட்டாத மூலைகளைக் கையால் அறுக்க நான்கு பெண்கள் அரிவாளோடு வந்திருந்தார்கள். ஒன்பதரைக்கு ஊரில் மின்சாரம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை வரை வராது என்றார்கள். என் கருவிகள் பேட்டரியில் ஓடுபவை. நான் கவலைப்படவில்லை.

பத்து மணிக்குக் குணா தொடங்கினான். அவன் நன்றாகப் பேசினான். வயலின் நிறம், ஈர மண் வாசனை, கொக்குகள். பிறகு அந்த நான்கு பெண்களிடம் ஒலிவாங்கியை நீட்டினான். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்து, ஒருத்தியை ஒருத்தி இடித்து, திடீரென்று நால்வரும் சேர்ந்து குலவையிட்டார்கள். என் மீட்டரின் முள் சிவப்பைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. ஒலியளவை வேகமாகக் குறைத்தேன். கிள்ளானில் எத்தனை பேர் காதிலிருந்ததைக் கழற்றினார்களோ.

"இப்போ தமிழ்ச்செல்வி அவங்க வயல்ல மெஷின் இறங்கப் போகுது" என்றான் குணா. டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார்.

என் காதில் கிள்ளான் நின்றுபோனது.

இந்த முறை உடனே தெரிந்தது. கையை உயர்த்தி, குறுக்கே வெட்டுவதுபோல் காட்டினேன். குணா வாயை மூடினான். பெட்டியின் திரையில் மூன்று கோடுகளும் ஒரே நேரத்தில் படுத்திருந்தன. என் கைப்பேசியில் சிக்னல் இல்லை. குணாவுடையதில் இல்லை. செல்வியுடையதிலும் இல்லை. தென்னைகளுக்கு மேலே இருந்த கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தேன். கரண்ட் போனபின் அதன் பேட்டரி தாங்கிய நேரம் அவ்வளவுதான்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க" என்று குணா செல்வியிடம் கேட்டான். "பத்தே நிமிஷம். இதுக்காகத்தானே வந்தோம். உங்க வீட்டுக்காரர் இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

செல்வி ஒரு கணம் தயங்கினார். "சரிங்க தம்பி" என்றார். டிரைவருக்குக் கை காட்டினார். எஞ்சின் அடங்கியது.

நான் வரப்பின் மேல் நடந்தேன், பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன், அணைத்துப் போட்டேன், சிம்களைக் கழற்றி மாட்டினேன். உதவாது என்று தெரிந்தும் செய்தேன். கை சும்மா இருந்தால் மனம் பழைய நான்கு நிமிடத்துக்குப் போய்விடும். கிள்ளானில் இப்போது பதிவுப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அது பத்து நிமிடத்துக்குத்தான். அதன் பிறகு?

பத்து நிமிடம் போயிற்று. கிழக்கே வெளுத்திருந்த மேகம் அடியில் கறுத்துவிட்டது. பெண்களில் ஒருத்தி, "கெழக்கால கருக்குது பாருடி" என்று தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. டிரைவர் செல்வியைப் பார்த்தார். செல்வி வானத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.

குணா என் அருகில் வந்தான். அவர்களுக்குப் புரியக் கூடாதென்று மலாய் மொழியில் பேசினான். "இவங்க மறுத்துச் சொல்ல மாட்டாங்கக்கா. லைன் வர்ற வரைக்கும் மெஷினைப் பிடிச்சு வைப்போம். மழை வந்தா வரட்டும், அதுவும் நல்ல சத்தம்தான்."

பின்னால் ஒரு குரல் மலாயிலேயே பதில் சொன்னது. "தம்பி, நனைஞ்ச நெல்லைக் கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. நிறுத்தணுமா வேணாமான்னு அவங்ககிட்ட தமிழ்லயே கேளுங்க."

திரும்பினோம். சேகர். சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். குரலில் கோபமில்லை. பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

குணாவின் முகம் வெளிறிவிட்டது. அவன் கெட்டவனல்ல. பயந்திருந்தான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது நான்தான். கருவி பற்றிய முடிவு எனக்கு, நிகழ்ச்சி பற்றிய முடிவு அவனுக்கு. அதுதான் எங்கள் வழக்கம். அன்று நான் அதை மீறினேன்.

"செல்வி, மறைக்காம சொல்லுங்க. நாங்க இங்க இல்லேன்னா இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க?"

அவர் குணாவைப் பார்த்தார். பிறகு என்னை. "அறுத்துக்கிட்டிருப்போம் அக்கா."

"அப்ப அறுங்க."

அடுத்த சொல்லுக்கு அவர் காத்திருக்கவில்லை. "இறக்குங்க டிரைவர்!" என்று கத்தியபடி வரப்பில் ஓடினார். இயந்திரம் கர்ஜித்துக்கொண்டு வயலில் இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பதினைந்து நிமிடம் நின்றிருந்தது.

"நேத்து சொன்ன ஒயரு இன்னும் இருக்கா?" என்று சேகரைக் கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"இருக்கு மேடம். ஆபீஸ் இன்வெர்ட்டர்ல ஓடுது. எங்க லைன் கும்பகோணத்துலேருந்து நேரா வருது, இந்த டவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. முன்னூறு மீட்டர் இழுக்கணும்."

"வாங்க" என்று முதலில் நடந்தவன் குணா.

தெருமுனையிலிருந்து வயல் வரை கண்ணாடி இழைக் கம்பியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். குணா புதுக் காலணியோடு வாய்க்காலில் இறங்கினான். கம்பி மடியாமல் இருக்கத் தோளில் தூக்கிப் பிடித்தான். சேகர் வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய இழையைச் சீவி, துடைத்து, ஒரு சின்ன இயந்திரத்துக்குள் வைத்து ஒட்டினார். அவர் கை நடுங்கவே இல்லை. அந்தக் கம்பியின் முனையில் மாட்டுவதற்கு மோடம் கொண்டுவந்திருந்தார். ஆனால் மோடத்துக்கு வயலில் மின்சாரம் எங்கே?

பன்னிரண்டு வோல்ட் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. டிராக்டரைப் பார்த்தேன். டிராக்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தான். மோடத்தின் கம்பியைப் பாதியில் வெட்டி, பல்லால் உறையைக் கடித்து உரித்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சுற்றிக் கட்டினேன். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கறுப்புப் பெட்டியை மோடத்தோடு இணைத்தேன்.

பத்து ஐம்பதுக்கு என் காதில் கிள்ளான் திரும்பி வந்தது.

நான் எதிர்பார்த்தது பாட்டை. கேட்டது ஓர் ஆணின் குரல். பதிவுப் பேச்சு தீர்ந்ததும் நிலையத்தில் இருந்த பெண் முருகையனையே தொலைபேசியில் அழைத்து நேரலையில் விட்டிருக்கிறாள். அவர் லாரியை ஓரம் கட்டிவிட்டு இருபது நிமிடமாகத் தன் வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"...இப்ப தென்கோடியில திரும்பியிருக்கும். அங்க கொஞ்சம் சேறு. டிரைவருக்குத் தெரியணும். வடகெழக்கு மூலை போன மழையிலேயே சாஞ்சிருச்சு, போட்டோ அனுப்பியிருந்தா. இங்க போன்ல பாத்தேன், கெழக்கேருந்து மழை வருதுன்னு போட்டிருக்கான். ஆனா அவ நிறுத்தி வெச்சிருப்பா. எனக்குத் தெரியும். வந்தவங்க கேட்டா இல்லேன்னு சொல்லத் தெரியாது அவளுக்கு. செல்வி, உனக்குக் கேக்காது, இருந்தாலும் சொல்றேன். ரேடியோவுக்காக நிறுத்தாத. எனக்குச் சத்தம் வேணாம். அறுத்துடு."

இரண்டாவது ஹெட்போன் குணாவின் காதில் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்து நின்றான். தயாரிப்பாளரின் குரல் குறுக்கிட்டது. "இருக்கீங்களா? இருக்கீங்களா? பத்து செகண்ட்ல எடுக்கிறேன்."

குணா ஹெட்போனைக் கழற்றிச் செல்வியின் தலையில் மாட்டினான். ஒலிவாங்கியையும் அவர் கையில் கொடுத்தான். இப்படி அவன் செய்து நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க" என்றார் செல்வி.

மறுமுனையில் முருகையனின் குரல். "செல்வியா?"

"நான்தாங்க. வயல்லதான் நிக்கிறேன். மெஷின் ஓடுது, கேக்குதா?"

"நிறுத்தலையா?"

செல்வி குணாவை ஒரு முறை பார்த்தார். "நிறுத்தலங்க. அவங்க நிறுத்தவே சொல்லல. பத்து மணிக்கு இறக்கினது, ஓடிக்கிட்டே இருக்கு."

குணா குனிந்து தன் சேறு அப்பிய காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இன்னொரு ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் நடந்தேன். எஞ்சின் சத்தம், கதிர் சரசரப்பு, டிராக்டர் பெட்டிக்குள் நெல் கொட்டும் சத்தம். அவற்றை அப்படியே அனுப்பினேன். முருகையன் கேட்டுக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடியும் வரை யாருமே பேசவில்லை. நிலையத்தில் யாரும் பாட்டுப் போடவும் இல்லை.

பதினொன்றைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் மழை வந்தது. டிரைவர் இயந்திரத்தை வரப்பேற்றினார். எல்லோரும் சேர்ந்து டிராக்டர் மேல் படுதாவை இழுத்துக் கட்டினோம். குணா ஒரு மூலையைப் பிடித்தான். ஏற்றிய நெல் நனையவில்லை. வயலில் வடகிழக்கு மூலை மட்டும் அறுபடாமல் நின்றது. மழை அதன் மேல் அடிக்க அடிக்க, நின்றிருந்த கொஞ்சமும் சாய்ந்தது.

"முக்கால் மா இருக்கும்" என்றார் டிரைவர். "ஒரு பதினஞ்சு நிமிசம் கிடைச்சிருந்தா எடுத்திருக்கலாம்." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, வேலையைக் கணக்கிட்டுச் சொன்னார்.

"ரெண்டு நாளு வெயிலடிச்சா பாத்துக்கலாம், விடுங்க" என்றார் செல்வி. "வாங்க, சாப்பிடலாம். மழையில எவ்வளவு நேரம் நிப்பீங்க."

புழுங்கலரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். சேகரும் எங்களோடு உட்கார்ந்தார். பினாங்கில் தான் போட்ட தேநீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குணா குறைவாகச் சாப்பிட்டான். செல்வி இரண்டாம் முறை சோறு போட வந்தபோது, "அக்கா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். அவர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"ஊருக்கே கேக்குற ரேடியோவுல, வந்தவங்களப் பத்தி வேற எப்படித் தம்பி சொல்றது?" என்றார் அவர். "குழம்பு ஊத்தவா?"

நான்காம் நாள் திருச்சி விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நேரலையில் பழுது ஏற்பட்டால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. என்ன பழுது, எத்தனை மணிக்கு, எத்தனை நேரம், எப்படிச் சரிசெய்யப்பட்டது. வழக்கமாக நான்தான் நிரப்புவேன். மடிக்கணினியைத் திறந்து, கோபுரம், பேட்டரி, மூன்று சிம்களும் ஒரே இடத்தைச் சார்ந்திருந்ததை நான் கவனிக்காதது, கேபிள்காரரின் உதவி என எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் 'சேதம்' என்று ஒரு கட்டம். கருவிகளுக்காக வைத்தது. எப்போதும் 'இல்லை' என்று போட்டுவிடுவேன்.

"அத நான் எழுதவாக்கா?" என்று குணா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். அழித்தான், எழுதினான். எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்தபோதுதான் திருப்பிக் கொடுத்தான். நான் படித்துவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல், கீழே என் பெயரையும் சேர்த்து அனுப்பினேன்.

'கருவிகளுக்குச் சேதமில்லை. வயலில் வடகிழக்கு மூலை, முக்கால் மா, நனைந்தது. காரணம்: நாங்கள்.'